பெற்றது நான், பழக்கியது கீழ் வீடு

பெற்ற பிள்ளைக்கு வேலை பழக்குகிற உத்தியோகத்தில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, கிடைக்கிற பேரும் கீழ் வீட்டுக்காரிக்குப் போய்விடும். என்னை மாதிரி மாட்டிக்கொண்ட அம்மாக்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் என் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்தது. கரூரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து குவார்ட்டர்ஸில் இறங்கினோம். எங்களுக்கு மாடி வீடு. நேர் கீழே கோமதி, கடப்பாக்கத்துக்காரி. அவளுக்கு இரண்டு பையன்கள், அவர்களே தலை வாரி, அவர்களே டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போவார்கள். அவள் கட்டிலில் சாய்ந்து வாரப்பத்திரிகை படிப்பாள். ஆள் நல்லவள்தான், அதுதான் என் எரிச்சலே.

எனக்கு ஒரே பெண், நித்யா. அடுப்படியையும் கடைத்தெருவையும் கல்யாணத்துக்கு அப்புறம் அழுது அழுது கற்றவள் நான். என் பெண் அப்படித் திண்டாடக் கூடாது, எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதில் மண் அள்ளிப் போட்டது யார் என்று மேலே படியுங்கள்.

முதல் தோசை

பத்து வயதில் தோசைக் கரண்டியை அவள் கையில் கொடுத்தேன். நடுவில் குண்டாகவும் ஓரத்தில் கிழிசலாகவும் ஊற்றினாள். "தள்ளு, நான் காட்டுறேன்" என்று வாங்கினேன். அடுத்ததும் அப்படியே. மறுபடி வாங்கினேன். மாவு தீர்ந்தபோது பார்த்தால் அத்தனை தோசையையும் நானே சுட்டிருக்கிறேன், அவள் ஜன்னல் வழியாகத் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவளுக்கு அடுப்படி வராது என்று கோமதியிடம் புலம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிவேப்பிலை கேட்டுக் கீழே போனேன். அங்கே அடுப்பு முன்னால் முக்காலி போட்டு நின்று தோசை ஊற்றிக்கொண்டிருந்தது யார்? என் பெண்! வீட்டுக்காரி கட்டிலில், கையில் பத்திரிகை, பக்கத்தில் தட்டு. எனக்கு வயிறு எரிந்தது. பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே கோமதி சொன்னாள்: "இன்னாக்கா, பொண்ணுக்கு ஒண்ணும் வராதுன்ன? எனக்கு சுட்டுக் குடுத்துகினே கீது பாரு. ஒண்ணு கருகிப் போச்சு, அத்த அதுவே துன்னுடுச்சு."

கடைத்தெரு

பெரிய லீவில், "இந்த வாரக் காய்கறி உன் பொறுப்பு" என்று நித்யாவிடம் பணத்தைக் கொடுத்தேன். எதை வாங்குவது, எதை விடுவது எல்லாம் அவளே முடிவு செய்யட்டும் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டில் உட்கார முடிகிறதா? பின்னாலேயே போய், வாழைத்தார் தொங்குகிற கடையோரம் நின்றுகொண்டேன். அவள் முற்றின வெண்டைக்காயைத் தொட்டால் நான் தலையை ஆட்டுவேன். அவள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தே வாங்கினாள். காய்க்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, வாங்குறது பாப்பாவா, நீயா? சொல்லிட்டீன்னா அவங்க கிட்ட மட்டும் பேசுவேன், பேஜாரா கீது."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதே வாரம் கோமதி அவளிடம் பணத்தைக் கொடுத்து, "நல்ல வஞ்சிரமா பாத்து வாங்கியாம்மா" என்று அனுப்பிவிட்டுப் பத்திரிகையைப் பிரித்துவிட்டாள். வஞ்சிரம் வாங்கப் போனவள் முள்ளு வாளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இன்றைக்குக் கோமதி வாயிலிருந்து நாலு வார்த்தை வரும், பெண் அழுதுகொண்டு என்னிடம் ஓடி வருவாள் என்று மாடிப்படியிலேயே காத்திருந்தேன். நித்யா சாவகாசமாக ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தாள். "ஆன்ட்டி திட்டவே இல்லம்மா. முள்ளை எடுத்து எடுத்துச் சாப்பிட்டாங்க. அடுத்த வாரமும் நானே போய் வேற மீன் வாங்கணுமாம்."

துப்பறியும் அப்பா

பத்தாவது முடித்ததும், ஒரு சர்ட்டிபிகேட் வாங்க நித்யா தனியாகச் செங்கல்பட்டுக்குப் போக வேண்டியிருந்தது. "தனியாப் போறியா, பலே!" என்று எல்லோர் எதிரிலும் தட்டிக் கொடுத்தேன். அன்று காலைதான் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்த கணவரைப் பல்கூடத் தேய்க்கவிடாமல் அதே பஸ்ஸில் பின் சீட்டுக்கு அனுப்பினேன். தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னதும் நான்தான்.

மனிதர் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் குறட்டை. செங்கல்பட்டு ஸ்டாண்டில் யாரோ தோளைத் தட்டியிருக்கிறார்கள். துண்டை விலக்கிப் பார்த்தால் நித்யா. அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து, இறக்கி, டீயும் வாங்கிக் கொடுத்து, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறாள். வீட்டுக்கு வந்தவர் பெருமையில் மிதந்தார். அவள் சொன்னதை அப்படியே என்னிடம் ஒப்பித்தார் பாருங்கள், அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது: "கோமதி ஆன்ட்டி நேத்தே சொல்லிட்டாங்கப்பா. உங்கம்மா பின்னாடியே ஆள் அனுப்பும், கண்டுக்காதன்னு."

பி.பி. நம்பர்

அப்புறம் அவள் தாம்பரம் பக்கம் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்தாள். அப்போது எங்கள் வீட்டில் போன் கிடையாது. யார் வீட்டில் கிடையாதோ அவர்களுக்குப் பக்கத்து வீட்டு போன்தான் பி.பி. நம்பர். எங்கள் பி.பி. யார் வீடு என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடிக்கும். கோமதியின் சின்னவன் கீழேயிருந்து "பெரீம்மா, போனு!" என்று கத்துவான். அடுப்பை அணைத்து, புடவையைச் சரி செய்து, படியிறங்கி நான் ஓடுவதற்குள் என் பெண்ணின் கதை முழுவதும் அங்கே முடிந்திருக்கும்.

ஒருமுறை மூச்சு வாங்க ஓடிப் போய்ப் பார்க்கிறேன், கோமதி ஒரு கையில் போனும் மறு கையில் உரித்த உருளைக்கிழங்குமாக நிற்கிறாள். "கொயம்புல உப்பு தூக்கிடுச்சுக்கா" என்று கிழங்கைக் குழம்பில் போட்டாள். போனைக் காதில் வைத்தேன், "சரிம்மா, காசு ஓடுது, வச்சிடறேன்" என்றது என் பெண். என்ன பேசினாள் என்று கேட்டேன். மாசப் பணம் இருபதாம் தேதியே தீர்ந்துவிட்டதாம், என்ன செய்வது என்று யோசனை கேட்டாளாம். என்னிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே மணியார்டர் போட்டிருப்பேனே! கோமதி குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "பணமெல்லாம் அனுப்பாதக்கா. பத்து நாளு எப்டி ஓட்டுறதுன்னு அதுவே பாக்கட்டும்னு சொல்லிட்டேன். சரின்னுடுச்சு."

எங்கள் வீட்டுக்கும் மணி அடித்தது

ஆயிரம் தடவை அலைந்து கணவர் போன் வாங்கினார். புது போனுக்குப் பொட்டு வைத்தேன். நித்யா அப்போது தாம்பரத்திலேயே வேலை கிடைத்து, தோழிகளோடு அறை எடுத்திருந்தாள். முதல் மணி அடித்தது, அவள்தான்! "அம்மா, ஆன்ட்டி வீட்டு போன் டெட்டா இருக்கு. கொஞ்சம் அவங்களைக் கூப்பிடேன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள். என்னடி விஷயம், என்னிடம் சொல் என்றேன். புதுக் குக்கரில் விசில் வராமல் பக்கவாட்டில் ஆவி வருகிறதாம். "ஐயையோ! அடுப்பை அணை, தொடாதே, நான் இப்பவே கிளம்பறேன்" என்று கத்தினேன். பேசிக்கொண்டே செருப்பையும் மாட்டிவிட்டேன். அந்தப் பக்கம் சிரித்தாள். "பாத்தியா? உன்கிட்ட கேட்டா நீ பஸ் ஏறிடுவே. ஆன்ட்டிகிட்ட கேட்டா நான் என்ன பண்ணணும்னு சொல்லுவாங்க."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு போய்க் கோமதியைக் கூட்டி வந்தேன்.

சாப்பாட்டுக்கு அழைப்பு

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நித்யா எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். இருவர் என்றால் நானும் கோமதியும். நல்லவேளை, கோமதிக்கு அன்றைக்குக் கடப்பாக்கத்தில் காதுகுத்து. சாமி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு செங்கல்பட்டு போய், எலக்ட்ரிக் டிரெயின் பிடித்துத் தனியாகப் போய்ச் சேர்ந்தேன்.

இலை போட்டுப் பரிமாறினாள். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, குழம்பில் உப்பு கரித்தது. "தள்ளு" என்று எழுந்துவிட எனக்குக் கால் துடித்தது. முள்ளு வாளை ஞாபகம் வந்தது. கோமதி மட்டும்தான் திட்டாமல் சாப்பிடுவாளா, எனக்குத் தெரியாதா? தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டேன். "எப்படிம்மா இருக்கு?" என்றாள். பிரமாதம் என்றேன். அவளே ஒரு சொட்டு நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "பொய் சொல்லாதம்மா, உப்பு வாய்ல வைக்க முடியல. இதை எப்படிச் சரி பண்றது, நீயே சொல்லு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல், உருளைக்கிழங்கை உரித்துப் போட்டுக் கொதிக்கவிடச் சொன்னேன். அவளே எழுந்து போய்ப் போட்டாள்.

அந்த உருளைக்கிழங்கு வித்தையை நான் யார் வீட்டு அடுப்படியில் பார்த்தேன் என்று அவள் கேட்கவில்லை, கேட்காததை நானாகச் சொல்ல எனக்கென்ன தலையெழுத்து?