இரண்டாவது வாய்

காரை நிறுத்தினால் மாஸ்டர் முதலில் செய்வது கதவைப் பூட்டுவதல்ல. நேரே பின்பக்கம் போவார். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் லேசாக இழுத்துவிட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்வார். ஆட்காட்டி விரலைச் சைலன்சர் குழாய்க்குள் விட்டு, தேன் பாட்டிலின் அடியை வழிப்பவர்போல ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுப்பார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முகர்வார். ஒரு கணம் கண்ணை மூடுவார். அப்புறம் பக்கத்தில் நிற்கும் மச்சினனிடம் தீர்ப்பு வரும்.

"கறுப்பா வந்தா பெட்ரோல் ஜாஸ்தி. வெள்ளையா வந்தா காத்து ஜாஸ்தி. இது பாரு மச்சான், காப்பிக் கலரு. இப்படி வரணும்."

விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொள்வார். அந்தக் கைக்குட்டையைத் துவைப்பது அவர் மனைவி, மச்சினனின் அக்கா.

சொந்தக் கார் என்றில்லை. சாவு வீட்டுக்குப் போனாலும் வாசலில் நிற்கும் வண்டிகளுக்கெல்லாம் விரல் விட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே வருவார். ஒருமுறை பிணம் ஏற்ற வந்த வேனிலும் விட்டுப் பார்த்து, "அடேயப்பா, என்னா குடி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். இறந்தவரைப் பற்றித் தெருவுக்கே தெரிந்த சங்கதி என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

மாஸ்டர் என்பது டிரைவிங் ஸ்கூல் கொடுத்த பெயர். முன்னால் 'மூக்கு' என்று சேர்த்தது பந்தய நண்பர்கள். அதுவும் அவர் முதுகுக்குப் பின்னால்தான். வாரத்தில் ஆறு நாள் அவர் பழகுநர் வண்டியில் இடப்பக்கம் உட்கார்ந்து, தனக்கென்று பொருத்திய பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு அலறுவார். "மெதுவாம்மா, மெதுவா! அது ஆக்சிலேட்டர், கரப்பான் பூச்சி இல்ல. எதுக்கு இந்த மிதி மிதிக்கிறே? பெட்ரோல் என்ன குழாயிலயா வருது?"

ஞாயிற்றுக்கிழமை அதே கால், வீட்டுப் பழைய காரில், கரப்பான் பூச்சியைத் தேடிப் போகும்.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் பந்தயக் குழு ஒன்று கூடும். எல்லோரும் நடுத்தர வயது, நடுத்தரத் தொப்பை. ஒரு பல் டாக்டர், ஒரு ஜவுளிக்கடைக்காரர், ஒரு கணக்கு வாத்தியார், இன்னும் சிலர். கம்ப்யூட்டர் வைத்த புதுக் கார்களைத் தொட மாட்டார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற கார்புரேட்டர்தான் வேண்டும், அதையும் மெக்கானிக் ஷெட்டில் கொடுத்துக் கழற்றி, துளை பெரிதாக்கி, முடுக்கி வைத்தால்தான் தூக்கம் வரும்; தங்கள் கையால் பானெட்டைத் திறப்பவர் யாருமில்லை. அப்படிப்பட்ட வண்டி சாலையில் ஒரு லிட்டருக்கு ஓடுகிற தூரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடப் பந்தயத்தில் ஓடாது. இது குழுவில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அடுத்தவன் வண்டியைப் பற்றித்தான் அப்படிச் சொல்வார்கள்.

மாஸ்டருடைய பந்தயக் கார்புரேட்டருக்கு இரண்டு வாய். முதல் வாய் எப்போதும் திறந்திருக்கும். ஆக்சிலேட்டரை முக்கால் பங்குக்கு மேல் அழுத்தினால்தான் இரண்டாவது வாய் திறக்கும். திறந்தால் வண்டி பாயும்; பெட்ரோலும் பாயும். இதை அவர் எல்லோருக்கும் விளக்குவார். அக்காவுக்கு மட்டும் கல்யாணமான நாள் முதல், சாப்பிடும்போது, துணி காயப்போடும்போது, காய்ச்சலில் படுத்திருக்கும்போது என்று சளைக்காமல் விளக்கியிருக்கிறார். எந்தக் கம்பி எதை இழுக்கிறது, எந்தத் திருகு எங்கே இருக்கிறது, எல்லாம்.

"கேட்டியா? இப்ப ரெண்டாவது வாய் தொறந்துச்சு," என்பார் நெடுஞ்சாலையில். "தொண்டையைக் கனைக்கிற மாதிரி ஒரு சத்தம். ஆயிரம் வண்டிக்கு நடுவுல என் காது கண்டுபிடிச்சிரும்."

பின் சீட்டில் இருக்கும் மச்சினனுக்கு ஒன்றும் கேட்காது. அக்காவின் தம்பியான அவன் மாடி அறையில் குடியிருந்துகொண்டு மின்சாதனக் கடைக்கு வேலைக்குப் போகிறவன். வாயைத் திறந்தால் வம்பு என்று தலையை மட்டும் ஆட்டுவான்.

அக்கா ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் வேலை. காலையில் அதே காரில்தான் கொண்டுபோய் விடுவார். மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் மேம்பாலத்தின் ஏற்றத்தில் பெட்ரோல் தீர்ந்து கார் நின்றது. அக்கா வேலைக்குப் போகும் புடவையோடு இறங்கித் தள்ளினாள். பின்னால் நின்ற பஸ் முழுக்க வேடிக்கை பார்த்தது. மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஜன்னல் வழியே, "நேராத் தள்ளும்மா, ஒரு பக்கமா இழுக்குது," என்றார். அக்கா நேராகவே தள்ளினாள். அன்று இரவு சண்டைகூடப் போடவில்லை. அதுதான் மச்சினனுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாரமே வண்டியின் குடி குறைந்தது. மாஸ்டர் தானே காரணம் கண்டுபிடித்தார். அவர் ஷெட்டில் சொல்லிப் புதிதாக ஒரு ஜெட் மாட்டச் செய்திருந்தார். பெட்ரோல் புகுகிற ஊசித் துளை போட்ட சின்னப் பித்தளைத் திருகு அது. "நான் சொல்லி மாட்டின ஜெட், என் கணக்கு," என்று மார்தட்டினார். ஏற்றத்தில் வண்டி கொஞ்சம் சோம்பல் படுவதற்கும் காரணம் வைத்திருந்தார். "மழைக்காலம் இல்லியா, காத்துல ஈரம்."

தலைக்கனம் தாங்கவில்லை. குழுக் கூட்டத்தில் போய், முடுக்கிய கார்புரேட்டர் குறைவாகக் குடிக்க முடியாது என்று சொன்ன பல் டாக்டரோடு மல்லுக்கு நின்றார்.

"எல்லா வண்டிக்கும் ஒரே அளவு ஊத்துங்கய்யா. டேங்க்குக்கு சீல் வைங்க. நடுவுல ஒரு சொட்டு கூடாது. என் வண்டி பெட்ரோல் இல்லாம நின்னுச்சுன்னா, அங்கேயே கார்புரேட்டரைக் கழட்டிட்டு, வண்டியோட வந்த பழசை மாட்டிக்கிறேன். அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

"பழசு இருக்கா மாஸ்டர், எடைக்குப் போட்டாச்சா?"

"கட்டிலுக்கு அடியில இருக்கு. எடுத்துட்டே வர்றேன்!"

எடுத்துக்கொண்டுதான் வந்தார். பந்தய நாளன்று அந்தப் பழைய கார்புரேட்டர் அட்டைப் பெட்டிக்குள் துணி சுற்றி, மச்சினன் மடியில் கைக்குழந்தைபோல இருந்தது. மாஸ்டரின் முகம் வெளிறியிருந்தது. பந்தயம் இல்லாத மாஸ்டர் வெறும் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்தான். அது அவருக்கும் தெரியும். பெட்டி மடியில் இருந்ததால் மச்சினனுக்கும் உறைத்தது.

தகரக் கொட்டகை நிழலில் மனைவிமார்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நார் ஒன்றுவிடாமல் பிரித்து எடுக்கிற நிதானம்.

"பயமா இல்லியாக்கா?" என்றான் தம்பி.

"எதுக்கு? நிக்காதுடா. ஒரு சுளை எடுத்துக்கோ."

கொடி இறங்கியது. முதல் சுற்றிலேயே மாஸ்டர் கடைசியாக வந்தார். நேர்ப்பாதையில் மற்ற வண்டிகள் அம்புபோலப் போக, அவர் வண்டி அரசாங்க ஆபீஸ் ஃபைல்போல நகர்ந்தது. ஜவுளிக்கடைக்காரர் அவரை முழுச் சுற்று முந்தும்போது ஹாரன் வேறு அடித்தார். மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான்.

பாதிக்கு மேல் கதை மாறியது. முதலில் ஜவுளிக்கடைக்காரர் வண்டி இருமி இருமி ஓரம்கட்டியது. அடுத்து கணக்கு வாத்தியார். இறங்கி நின்று விரல்களில் ஏதோ கூட்டிக் கழித்தார். ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் ஓடுபாதை ஓரத்தில் சந்தை மாடுகளைப்போல நின்றன. பல் டாக்டருக்கு மட்டும் புத்தி வந்து வேகத்தைக் குறைத்தார். காலம் கடந்த புத்தி. கடைசிச் சுற்றில் முடிவுக் கோடு கண்ணில் படுகிற தூரத்தில் அவர் வண்டியும் விக்கி நின்றுபோனது. மாஸ்டர் அதே சீரான வேகத்தில், பழகுநருக்குப் பாடம் எடுப்பவர்போலக் கையை வெளியே நீட்டிச் சைகை காட்டி, டாக்டரை முந்திக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டினார்.

இறங்கியதும் நேரே பின்பக்கம் போனார். விரலை விட்டு எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"காப்பிக் கலரு!"

கூட்டம் கைதட்டியது. பல் டாக்டர் வியர்வையோடு வந்து கையைக் குலுக்கினார். "மாஸ்டர், ரகசியம் என்ன?"

"ஆரம்பத்துல வேணும்னுதான் பின்னாடி போனேன். ரெண்டாவது வாயை எங்க தொறக்கணும், எங்க மூடணும், அதுலதான் இருக்கு வித்தை. எல்லாம் காது டாக்டர், காது!"

அதே சமயம் கொட்டகையில் டாக்டர் மனைவி அக்காவிடம் ஏதோ கேட்க, அக்கா அவள் காதோரம் குனிந்து கொஞ்ச நேரம் பேசியதை மச்சினன் பார்த்தான். பக்கத்திலிருந்த இரண்டு பெண்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஆரஞ்சு விலையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு மாஸ்டரைக் கையால் பிடிக்க முடியவில்லை. கோப்பை வரவேற்பறையில் டிவிக்கு மேலே ஏறியது. பழைய கார்புரேட்டர் கட்டிலுக்கு அடியில் திரும்பிப் போனது. ஞாயிறு காலையில் மொட்டை மாடியில் கார்புரேட்டர் வகுப்பு தொடங்கினார். பல் டாக்டரும் ஜவுளிக்கடைக்காரரும் கணக்கு வாத்தியாரும் முன்வரிசை. மூன்றே வாரத்தில் மூவரும் எழுந்து சாட்சி சொன்னார்கள். "மாஸ்டர் சொன்னபடி ஜெட் மாத்தினேன். வண்டி குடிக்கிறது பாதியாக் குறைஞ்சிருச்சு. என்ன, ஏத்தத்துல கொஞ்சம் சோம்பலா இருக்கு."

"காத்துல ஈரம்," என்றார் மாஸ்டர். மழைக்காலம் முடிந்து வெயில் மொட்டை மாடித் தரையைச் சுட்டுக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு வகுப்பு நேரத்தில், பிரேக் பார்க்கக் காரை மெக்கானிக் ஷெட்டுக்கு மச்சினன்தான் கொண்டுபோனான். பானெட்டைத் திறந்தபோது கார்புரேட்டரின் பக்கவாட்டில் செம்புக் கம்பி ஒன்று பளபளத்தது. இரண்டாவது வாயை இழுத்துத் திறக்கிற கை கழற்றிவிடப்பட்டு, அந்தக் கம்பியால் அசையாமல் கட்டப்பட்டிருந்தது. எவ்வளவு மிதித்தாலும் அந்த வாய் திறக்காது. அவன் விரலை நீட்டினான்.

"அதைத் தொடாதீங்க தம்பி," என்றார் மெக்கானிக். "உங்க அக்கா ஆர்டர். மழை ஆரம்பத்துல கட்டினது. எதைக் கழட்டணும், எதைக் கட்டணும்னு அவங்களே காட்டினாங்க."

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேலே மொட்டை மாடியில் மாஸ்டர் குரல் முழங்கியது: "ரெண்டாவது வாய் தொறக்கிற சத்தம் இருக்கே..."

"உனக்கு எப்படிக்கா தெரியும், எதைக் கட்டணும்னு?"

"இத்தனை வருஷமா பாடம் கேட்டிருக்கேனே. கழட்டுங்கன்னா சண்டை. கட்டிட்டா சந்தோஷம். அவருக்கும் காது நல்லாக் கேக்குது, விடு."

"அப்ப மேல இருக்கிறவங்களுக்கு எப்படிக் குறைஞ்சுது?"

அக்கா கடைசிக் கைக்குட்டையை நான்காக மடித்து, கறை உள்ளே போகும்படி வைத்தாள். வைத்துவிட்டு அவள் சொன்ன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது: டாக்டர் வண்டியிலும், ஜவுளிக்கடைக்காரர் வண்டியிலும், கணக்கு வாத்தியார் வண்டியிலும் அதே செம்புக் கம்பி இருக்கிறது. பந்தயத்துக்கு மறுவாரமே, அவரவர் மனைவிமார்கள் அதே ஷெட்டில் கட்டவைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.