விளக்கு வைக்க ஆள் தேடும் வீடுகள்

இன்று கிளிநொச்சி பஸ்ஸில் சுமதியைக் கண்டேன். முன்பு எங்களுக்குப் பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தவள். இப்போது கனடாக்காரரின் மாடிவீட்டில் சும்மா இருக்கிறாளாம்.

"பின்னேரத்தில சாமியறையில விளக்கு வைச்சாக் காணும் அக்கா. வாடகை வேண்டாமாம்."

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. நாங்கள் நாலு பேர் இன்னும் அந்த ஒற்றை அறைக்குள்தான்.

"எனக்கும் அப்பிடி ஒரு வீடு பாத்துச் சொல்லன்."

"நீங்கள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் எல்லோ. விளக்கு வைப்பியளே?"

பஸ்ஸால் இறங்கியதும் முகநூலில் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறவர்கள் இன்பொக்ஸுக்கு வாருங்கோ. பிள்ளையாருக்கு நேரம் தவறாமல் விளக்கு வைப்பேன். மாதாவோடு நான் கதைத்துக்கொள்கிறேன்.