ஏழு பக்கம்

அஞ்சலை கொல்லை வாசலில் வந்து நின்றதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பார்க்காதவன்போல் படித்துக்கொண்டிருந்தேன்! ஊரில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஆறுதல் மட்டும் சொல்லிவிடாதீர்கள், எனக்குப் பிடிக்காது.

பூதலூர்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவன் நான். பத்தாவதோடு பள்ளியை விட்டவன். கையில் கிடைத்ததையெல்லாம் படித்தே வளர்ந்தவன். அன்று கிடைத்தது தமிழில் வந்த ஓர் இங்கிலாந்து நாவல். பிரபுக் குடும்பத்தைக் கிழிகிழியென்று கிழிக்கிற கதை. ஈரம் துளியும் இல்லாத புத்தகம்... அதில் ஒரு பிரபு, கையில் ரத்தம் ஒழுக வந்த தோட்டக்காரனை மழையில் நிறுத்திவிட்டு, விருந்தாளிகளிடம் தன் குதிரையின் பெருமையை அளந்துகொண்டிருப்பான். 'அடப்பாவி, நீயெல்லாம் மனுசனா!' என்று வாய்விட்டே திட்டினேன்.

அப்போதுதான் கொல்லை வாசலில் நிழல் விழுந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். வயலில் வேலை செய்பவர்கள் கொல்லைப்புறமாக வருவார்கள். நாம் நிமிர்ந்து கேட்கும்வரை வாய் திறக்கமாட்டார்கள். நிமிராவிட்டால்? நின்றுகொண்டே இருப்பார்கள். தெரிந்துதானே நான் நிமிரவில்லை! மோட்டார் கொட்டகைச் சாவிக்கு வந்திருப்பாள், அத்தியாயம் முடியட்டும் என்று... அவள் இரண்டு முறை இருமினாள். நான் பக்கத்தைப் புரட்டினேன். ஏழு பக்கம்! நடுவில் சிரிக்கவும் செய்தேன்.

"என்ன அஞ்சலை?"

"அவர வாய்க்கா வரப்புல ஏதோ கடிச்சிருச்சுங்க. காலு வீங்கிக்கிட்டே போவுது. காரு எடுக்கறீங்களா?"

"ஏம்மா, வந்ததும் சொல்லித் தொலைக்கறதுக்கென்ன!" என்று அவளையே அதட்டினேன். ஆமாம், நான்தான்!

கண்ணாடிவிரியன். அவள் புருஷன் கோவிந்தன் பிழைத்தான்; வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

ஏழு பக்கத்திலா ஒரு பாதம் போய்விடும்? உடனே நிமிர்ந்திருந்தாலும் போயிருக்கலாம்... பார்த்தீர்களா, எனக்கு நானே வக்கீலாகிறேன்! அந்தப் பிரபு இதைவிட நன்றாகவா பேசிவிடுவான்?

கோவிந்தன் டீக்கடையில் கட்டையை ஊன்றிக்கொண்டு சொல்கிறான்: "நம்ம ஐயா காரு மட்டும் இல்லேன்னா நான் அன்னைக்கே போய்ச் சேந்திருப்பேன்." அவன் வாங்கிக்கொடுத்த டீயையும் குடித்தேன்.

போன வாரம் அஞ்சலை சாவிக்கு வந்தாள். உடனே நிமிர்ந்தேன். இப்போதெல்லாம் உடனே நிமிர்ந்துவிடுகிறேன்... அலமாரியில் இருந்த அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கு அப்புடிச் சிரிச்சீங்களே... அதுல என்னங்க இருந்துச்சு?"

சாவியை நீட்டினேன்.

அவள் வாங்கிக்கொள்ளாமல் நின்றுகொண்டிருந்தாள்.