திரையில் வந்த சமையலறை

புலம்பெயர்ந்து செயின்ட்-மிஷேல் நகர்ப்பகுதியில் குடியிருந்த ஜொய்சி எதையும் வீணாக்கமாட்டார். மரக்கறித் தோலை உரமாக்குவார். தயிர் டப்பாக்களில் கீரை வளர்ப்பார். சென்னையிலிருந்து அங்குள்ள சமூகத் தோட்டத்துக்குத் தொண்டராக வந்த பூர்ணா, மூன்று மாதம் அவர் வீட்டில் தங்கி அத்தனையையும் ஆசையாகப் படமெடுத்தாள்.

பூர்ணா விடைபெறும் கூட்டத்தில் அந்தப் படங்கள் திரையில் வந்தன. ஜொய்சியின் சமையலறைப் படத்துக்குக் கீழே, ‘காய்கறி வாங்க வசதியில்லாத குடும்பம்’ என்று எழுதியிருந்தது. அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜொய்சி எழுந்தார். “நான் இல்லாமையில செய்யேல்லை, பூர்ணா. மண்ணைக் கெடுக்கக்கூடாதெண்டுதான் செய்யிறன். அது உமக்குத் தெரியும்.”

“தெரியும்க்கா. ஆனா இப்படிப் போட்டாதான் பாக்கிறவங்க மனசு இரங்கும்” என்றாள் பூர்ணா, தலைகுனிந்தபடி.

மறுநாள் காலை பூர்ணா பெட்டியோடு கிளம்பினாள். கதவைத் திறந்துவிட்ட ஜொய்சி, “போயிற்று வாரும்” என்று சொல்லவில்லை.