எதிர் வரிசையில் அத்தை

நலுங்குப் பாட்டில் எங்கள் வீட்டுப் பெண்களை யாரும் ஜெயித்ததில்லை. காரணம் அத்தை, அப்பாவின் தங்கை. அவள் முதல் அடியை எடுத்தால் போதும், மடை திறந்த வாய்க்கால்தான். மற்றவர்கள் தானாக ஓடி வருவார்கள்.

அவளை வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்தோம். மறு வருஷமே அவள் நாத்தனாரைச் சித்தப்பாவுக்கு எடுத்தோம். கொடுத்த இடத்தில் எடுப்பது எங்கள் பக்கம் சகஜம். ஜாதகம் பார்த்தார்கள், சீர்வரிசை பேசினார்கள். நலுங்கன்று அத்தை எங்கே உட்காருவாள் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

சங்கரன்கோவில் மண்டபத்தில், தாலி கட்டிய அன்று சாயங்காலம், மாப்பிள்ளையும் பெண்ணும் தேங்காய் உருட்ட, இருவீட்டுப் பெண்களும் எதிரெதிர் ஜமுக்காளங்களில் அமர்ந்தார்கள். ஒரு வீட்டை மற்ற வீடு பாட்டால் கேலிசெய்ய வேண்டும்; பதில் பாட்டு இல்லையென்றால் தோல்வி. அத்தை எதிரே, தன் மாமியாருக்குப் பக்கத்தில்.

“மீசை வச்ச மாப்பிள்ளைக்கு
மின்னல் கண்டா குலைநடுக்கம்!”

தொடங்கியது அத்தையேதான். சித்தப்பா இடிக்குப் பயந்து நெல்மூட்டைக்குப் பின்னால் ஒளிந்த கதை அதுவரை எங்கள் வாசலைத் தாண்டாதது. மண்டபமே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

“ஏட்டி, வீட்டு ரகசியத்த இப்படியா ஏலம் போடுவ?” என்று கத்திக்கொண்டே அம்மா பதிலுக்குக் கிளம்பினாள். அம்மாவின் குரல் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பழகியது.

“பட்டுக் கட்டி வந்த பொண்ணு
பானை வச்சா…”

எட்டாத உயரத்தில் ஆரம்பித்துவிட்டாள். குரல் உடைந்தது. எதிரே கைதட்டத் தயாரானார்கள்.

“பானை வச்சா சோறு குழையும்!”

அத்தை. அங்கிருந்தபடியே, அம்மாவுக்கு எட்டுகிற சுருதிக்கு இறக்கி, தன் புகுந்த வீட்டைத் தானே பழித்து. எங்கள் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்கள். நான் குதித்தேன்.

மாமியார் சிரித்தபடிதான் கேட்டாள்: “ஏட்டி, நீ எந்த வீட்டுக்குப் பாடுதே?”

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். பிறகு இரண்டு வரிசையும் மாறிமாறிப் பாடின. அவள் தாளம் மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது போல என்று நினைத்துச் சமையல்கட்டுக்கு ஓடிச் சுக்குத்தண்ணீர் வாங்கிவந்து நீட்டினேன். சூட்டைப் பாராமல் ஒரே மூச்சில் குடித்தாள்.

“சரியாப் போச்சா அத்தே?”

“போச்சு மக்கா.”

அதை நம்பி, இனி பாடிவிடுவாள் என்று, இரண்டு ஜமுக்காளத்துக்கும் நடுவிலேயே உட்கார்ந்து அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.