கொட்டலசு மூடிய சங்கு

ஒகோட்ஸ்க் கடலில் பனிப்பாளங்கள் விலகியதும் எங்கள் ஊர்ப் படகுகள் சுபு என்ற தின்னும் சங்கைப் பிடிக்கக் கயிற்றில் கட்டிய பொறிக்கூடுகளை இறக்கும். கரையில் இனம் பிரிப்பது பெண்கள் வேலை. கொட்டகையில் எனக்கு எதிரே நின்றவள் செட்சுயோ. கணவன் தோயோஜியைக் கிண்டல் செய்யாமல் அவளுக்குப் பொழுது போனதில்லை.

இரண்டு வகை வரும். ஒன்று மெல்லிய ஓடு. நூல் சுற்றியதுபோல் வரிகள். அதை அப்படியே வேகவைத்துத் தின்னலாம். மற்றது தடித்த ஓடு. சுற்றுக்குச் சுற்று முண்டுகள் புடைத்திருக்கும், வாய் செம்மஞ்சள். அதன் சதையைப் பிளந்து, உள்ளிருக்கும் வெளிர்மஞ்சள் சுரப்பியை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் தின்றால் தலை கிறங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும். சில மணி நேரத்தில் தெளிந்துவிடும் என்பதால் யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லை.

ஒருநாள் சந்தைக்கு ஆகாத சங்குகளைச் செட்சுயோ வீட்டுக்கு எடுத்துப் போனாள். பாறையிலும் படகடியிலும் ஒட்டி வளரும் கொட்டலசு, ஓடு தெரியாதபடி கல்லாக அப்பியிருந்தது. எல்லாம் மெல்லோடுதான் என்று நினைத்து மறுநாள் காலை மிசோ சூப்பில் போட்டாள்.

"என்ன, இன்னைக்கு ரொம்ப தாராளமா இருக்கே?" என்றானாம் தோயோஜி.

"விலைபோகாததெல்லாம் என் தலையிலதானே விழுது. உங்களையும் சேத்துத்தான்."

சிரித்துக்கொண்டே அவள் பங்கையும் தின்றுவிட்டுத் தனியாகப் படகேறினான்.

கூடு இழுக்கும்போது பக்கத்துப் படகிலிருந்த அண்ணன் இவாவோவை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டிருக்கிறான்.

"அண்ணே, மிதவையெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது."

"நேத்து ஊத்திக்கிட்டது இன்னும் இறங்கலையாடா?"

"சத்தியமா ஒரு சொட்டு குடிக்கல. கால் நிக்க மாட்டேங்குது."

"அப்ப உக்காந்து வேலை பாரு!"

இவாவோ சிரித்தபடி தன் கயிற்றை இழுத்தான். திரும்பிப் பார்த்தபோது தம்பியின் படகு ஆளில்லாமல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. கூட்டின் கயிறு காலில் சுற்றி அவனைக் கடலுக்குள் இழுத்திருந்தது. கயிற்றோடுதான் அவனை மேலே எடுத்தார்கள்.

வயர்லெஸ்ஸில் தம்பி சொன்னதை இவாவோ வந்து சொன்னதும் செட்சுயோ அழவில்லை. குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். ஒவ்வொரு ஓடாக எடுத்துக் கத்தியால் கொட்டலசைச் சுரண்டினாள். அடியில் தேய்ந்த முண்டுகள் தெரிந்தன. ஒன்றில், இரண்டில், பிறகு மூன்றாவதிலும்.

"விடு செட்சுயோ. நான்தான் சிரிச்சேன். அப்பவே போயிருக்கணும்" என்றான் இவாவோ.

"நீங்க வெறுமனே சிரிச்சீங்க அத்தான். நான்தானே ஊட்டிவிட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் மன்னிக்கத்தான் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நேருக்கு நேர் பார்க்கவே முடியாமல் போயிற்று. இவாவோ படகை விற்றுவிட்டு மகளிடம் போய்விட்டான்.

இப்போது செட்சுயோ கொட்டகைக்கு வருவதில்லை. அடுப்பும் பற்றவைப்பதில்லை. தோயோஜியின் படத்துக்கு முன் தினமும் கடையில் வாங்கிய சோற்றுருண்டையை, மேலுறைகூடப் பிரிக்காமல் வைக்கிறாள். போன வாரம் நான் கஞ்சி கொண்டுபோனேன். கிண்ணத்தை வாங்கி நெடுநேரம் கையில் வைத்திருந்தாள்.

"எடுத்துட்டுப் போயிடு. நான் தொட்டுட்டேன், நீ சாப்பிடாதே. கொட்டிடு" என்றாள்.