மீட்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டு

போன மாசி மாதம், உத்திரமேரூரில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். சாயங்காலம் போய் வண்டியை எடுத்து ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் பார்த்தேன், மீட்டர் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த என் மனைவியின் பொட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர் பெருநகர் என்கிற கிராமம். கொஞ்சம் நெல் நிலம் இருக்கிறது. மனைவி நர்ஸ். அவள் டூட்டிக்குப் போய்வர வசதியாக இருக்கட்டும் என்று வாங்கிய பழைய கார் அது. இரண்டு வருடத்துக்கு முன்பு குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து அவள் கிளம்பிப் போய்விட்டாள். மகள் படிப்பு, பாதியில் நிற்கிற வீடு என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவுதான். ஆனால் முடிவு எடுத்த நாளிலிருந்தே, எப்படியாவது இது நின்றுபோகாதா என்று எனக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற ஆள் நான். அந்த வாரம் முழுக்கத் தெருவில் ஒரு பூனையும் குறுக்கே வரவில்லை.

கிளம்பிய அன்று விடியற்காலை மகளை என் அக்காவிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஏர்போர்ட்டுக்குப் போனோம். வழி நெடுக அவள் அழவில்லை. திரும்பி வீட்டைப் பார்க்கவில்லை. நான் பேச்சுக் கொடுத்தால்கூட 'ம்' என்றாளே தவிர, பார்வை முழுக்க முன்னால்தான் இருந்தது. செங்கல்பட்டு தாண்டிய பிறகு எதேச்சையாகத் திரும்பினேன். நெற்றி காலியாக இருந்தது. பொட்டைப் பிய்த்து மீட்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்தாள். வீட்டில் பீரோ கண்ணாடி, பாத்ரூம் டைல்ஸ், பிரிட்ஜ் கதவு என்று எல்லா இடத்திலும் ஒட்டி வைக்கிறவள்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஊர் எல்லை தாண்டியதுமே பொட்டை எடுத்துவிட்டாளே, மனசால் அப்போதே குவைத் போய்விட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவளிடம் கேட்கவில்லை.

அப்படி நினைத்தவன் அந்தப் பொட்டைப் பிய்த்துப் போட்டிருக்க வேண்டுமா இல்லையா? போடவில்லை. வண்டியைத் துடைக்கும்போது அதைச் சுற்றித்தான் துடைப்பேன். தனியாகப் போகும்போது அதைப் பார்த்துப் பேசியும் இருக்கிறேன். மகள் பின்சீட்டில் இருந்தால் மட்டும் பேச மாட்டேன்.

அதனால் அன்றைக்கு விளக்கைப் பார்த்து எனக்குப் பதற்றம் வரவில்லை. பொட்டு போன கோபம்தான் வந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போனேன். போன பிறகுதான் உறைத்தது, 'என் பொண்டாட்டி பொட்டு எங்கய்யா' என்று நாலு பேர் நிற்கிற இடத்தில் எப்படிக் கேட்பது? அதனால் விளக்கைக் காட்டிச் சத்தம் போட்டேன். நல்லா இருந்த வண்டியில் புதுசாக எதையோ கிளப்பிவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன்.

மெக்கானிக்குக்கு என் வயதுதான் இருக்கும். "நாங்க ஒயரு பக்கமே போவலண்ணே. ஆயில் மாத்தனோம், பிரேக் பாத்தோம், வாட்டர் வாஷ் வுட்டோம், அவ்ளோதான்" என்றார். ஆனாலும் முகம் சுளிக்காமல் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். ஏர்பேக் விளக்கு அது. ஒரு ஆள் மடியில் பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி படம் இருக்குமே, அதுதான். இடது பக்க சீட்டில் கோளாறு என்று காட்டியது. டார்ச் அடித்துக்கொண்டு அந்த சீட்டுக்கு அடியில் தலையை விட்டவர், மஞ்சள் நிறத்தில் ஒரு சாக்கெட்டைப் பிடித்துக் காட்டினார். கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே தூசி அடைத்து, உலோகப் பின்னெல்லாம் பச்சை பூத்திருந்தது.

"இது இன்னிக்கி நேத்து கழண்டது இல்லண்ணே. ரொம்ப நாளாவுது. எப்பனா சீட்ட ஒரே தள்ளா முன்னால தள்ளனீங்களா?"

தள்ளினேன். அவள் கிளம்பிய அன்று. டிக்கி நிறைந்து போய், மிளகாய்ப்பொடியும் ஊறுகாயும் கட்டிய அட்டைப்பெட்டியை அவள் சீட்டுக்குப் பின்னால் வைக்க இடமில்லாமல் பலம் கொண்ட மட்டும் தள்ளினேன். முட்டி முன்னால் இடிக்க இடிக்கத்தான் அவள் ஏர்போர்ட் வரைக்கும் வந்தாள்.

"அப்ப இத்தினி நாளா இந்த விளக்கு எரிஞ்சிருக்கணுமே, நான் பாக்கலியே" என்றேன்.

"எரியாம எப்டிண்ணே இருக்கும்? நல்ல வேள, எங்கயும் மோதல. மோதியிருந்தா அந்த சீட்டுல குந்தினவங்களுக்குப் பை விரிஞ்சிருக்காது."

அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் பின்னைச் சுத்தம் செய்து, சாக்கெட்டை மாட்டி, ஸ்கேனரில் ஏதோ அழுத்தினார். விளக்கு அணைந்தது. கிளம்பும்போது மெதுவாக, "இங்க ஒரு பொட்டு இருந்திச்சே" என்றேன். "பழைய ஸ்டிக்கருன்னு தொடச்சிட்டிருப்பாங்கண்ணே, இன்னா இப்ப?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. பொட்டு போச்சே என்பதைத் தாண்டி என் மண்டைக்குள் எதுவும் ஏறவில்லை. வழியிலேயே அவள் போன் வந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். சர்வீஸ் விட்டதைச் சொன்னேன். "வாட்டர் வாஷ்ல உன் பொட்ட தொடச்சிட்டானுங்க" என்றேன். விளக்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

 உடனே அவள் கேட்டாள், "அப்ப அந்த லைட்ட பாத்துட்டீங்களா?"

உனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவள் சொன்னாள். அன்றைக்கு நான் சாவியைத் திருப்பி வண்டியை ஸ்டார்ட் செய்த கையோடு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்க மறந்துவிட்டேன் என்று இறங்கி ஓடியிருக்கிறேன். சாவி போட்டதும் எரிகிற விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன, இது மட்டும் அணையவில்லை.

"நீங்க வந்து பாத்தா இன்னா சொல்வீங்கன்னு எனக்குத் தெரியாதா? சகுனம் சரியில்ல, போவ வேணாம்னு சொல்வீங்க."

"சொல்லியிருப்பேன்."

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எறங்கி உள்ள போய்ட்டிருப்பன். அப்புறம் யாராலயும் என்ன அனுப்பியிருக்க முடியாது. அதுக்கோசரந்தான் நெத்தில இருந்தத பிச்சி அந்த லைட்டு மேல ஒட்டனேன். வழியெல்லாம் ரோட்டக்கூட பாக்கல, பொட்டு வுழுந்துடுமோன்னு அத்தயே பாத்துக்கினு வந்தேன்." பிறகு, "வுழுந்துடக் கூடாதான்னும் இருந்திச்சி" என்றாள்.

ரோட்டோரத்தில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவளுக்குக் கேட்கிற மாதிரியே அழுதேன். அவளும் அங்கே அழுதாள். அன்று ஏர்போர்ட் போகும் வழியில் அழ வேண்டியது, இவ்வளவு நாள் கழித்து நடந்தது.

அவளுக்கு இன்னும் ஒரு வருடம் வேலை நீட்டித்திருக்கிறார்கள். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனாலும் தினமும் சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணையும் இல்லையா, அதில் அந்தப் பந்து விளக்கும் எரியும். அது அணைகிற வரைக்கும் நான் வண்டியை நகர்த்துவதில்லை. பக்கத்து சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு வந்து அதை மறைக்கப் போகிறது என்றும், இந்தத் தடவை அதற்கு முன்னால் நான் பார்த்துவிடுவேன் என்றும் தோன்றிக்கொண்டே இருக்கிறது.